புனித லாரன்ஸ்: ஒரு திருத்தொண்டரின் பெயர் ஏன் இன்னும் நிற்கிறது?

கனடாவில் ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆறு, ஸ்பெயினில் மாட்ரிட் அருகே இருக்கும் எஸ்கோரியல் என்ற பிரம்மாண்டமான மடமும் அரண்மனையும், பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தார் அடக்கம் செய்யப்பட்ட சான் லொரென்சோ ஆலயம், ஆகஸ்ட் மாத இரவில் இத்தாலியர்கள் அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கும் எரிநட்சத்திர மழை. இவை எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆள். லாரன்ஸ், லொரென்சோ, லோரான், லார்ஸ் என்று ஐரோப்பா முழுக்கப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களும் அவரிடமிருந்து வந்தவைதான். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் லாரன்ஸ் என்று ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார்.

அந்த லாரன்ஸ் திருத்தந்தை அல்ல, ஆயர் அல்ல, குரு கூட அல்ல. அவர் எழுதிய ஒரு வரி கூட நம்மிடம் இல்லை. கி.பி. 258 ஆகஸ்ட் 10 அன்று ரோமில் கொல்லப்பட்ட ஒரு திருத்தொண்டர், அவ்வளவுதான். அவருக்கு நான்கு நாள் முன்னால் கொல்லப்பட்ட அவருடைய ஆயரின் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. லாரன்ஸ் பெயர் மட்டும் எப்படி இத்தனை தூரம் வந்தது? திருத்தொண்டர் என்ற பணி அன்றைக்கு என்னவாக இருந்தது என்பது புரிந்தால், இதற்கு விடை பாதி கிடைத்துவிடும்.

திருத்தொண்டர் என்பவர் யார்?

இன்றைய கத்தோலிக்க ஆலயத்தில் திருத்தொண்டர் என்றால் பெரும்பாலும் குருவாகப் போகிறவர், அதற்கு முந்தைய படியில் சில மாதங்கள் நிற்பவர் என்றுதான் நினைக்கிறோம். சீர்திருத்த சபைகளில் உதவிக்காரர் என்றும் டீக்கன் என்றும் சொல்வார்கள். ஆனால் முதல் நூற்றாண்டுகளில் இது ஒரு படிக்கட்டு அல்ல, தனிப் பொறுப்பு.

இதன் தொடக்கமாகத் திருச்சபை காட்டுவது திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை. எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் நடத்திய அன்றாடப் பந்தியில் ஒரு மனத்தாங்கல் வருகிறது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று முறையீடு. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் பெயர் ஸ்தேவான், பின்னால் விசுவாசத்துக்காக உயிர் தந்து முதல் மறைசாட்சி ஆனவர். அந்த நூல் அந்த ஏழு பேரைத் திருத்தொண்டர் என்ற பட்டத்தால் அழைக்கவில்லை. ஆனாலும் பின்னால் வந்த திருச்சபை அவர்களையே முதல் திருத்தொண்டர்களாக வைத்துக்கொண்டது. ரோம் நகரமும் அதே கணக்கில் எப்போதும் ஏழு திருத்தொண்டர்களையே வைத்திருந்தது.

பசித்தவர்களுக்குச் சோறு சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலையில் பிறந்த பணி இது. கூடவே ஆயருக்குப் பலிபீடத்தில் துணை நிற்பார்கள், கிண்ணத்தைக் கையாளுவார்கள், காணிக்கையை வாங்கி வைப்பார்கள், யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். கோயில் கணக்குப்பிள்ளையும் அன்னதானப் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருந்து, அவரே பூசையிலும் பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி.

லாரன்ஸ் காலத்து ரோமில் இந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று காட்ட ஒரு நல்ல சான்று இருக்கிறது. ரோம் ஆயர், அதாவது திருத்தந்தை, கொர்னேலியுஸ் 251-ஐ ஒட்டி அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதம் அது. வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் அதைத் தன் நூலில் எடுத்து வைத்திருக்கிறார். ரோமில் 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 பீடத்துணைவர்கள், இன்னும் வாசகர்கள், வாயிற்காவலர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 1,500-க்கும் மேற்பட்ட கைம்பெண்களும் வறியவர்களும் திருச்சபையின் பராமரிப்பில் இருப்பதாக எழுதுகிறார். லாரன்ஸ் கொல்லப்படுவதற்கு ஏழே ஆண்டுகள் முன்பு எழுதிய கணக்கு இது. அரசு அங்கீகாரம் இல்லாத, எந்த நேரமும் கைது வரலாம் என்ற நிலையில் இருந்த ஒரு கூட்டம், தினமும் ஆயிரத்தைந்நூறு பேரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர்கள் அந்த ஏழு பேர். மரபின்படி அவர்களுக்குத் தலைவர் லாரன்ஸ்.

258 ஆகஸ்டில் நடந்தது

அப்போது பேரரசர் வலேரியன். எல்லைகளில் போர், பண நெருக்கடி, வெள்ளி நாணயத்தில் வெள்ளி குறைந்துகொண்டே போன காலம். 257-ல் கிறிஸ்தவத் தலைவர்கள் ரோமத் தெய்வங்களுக்கு வழிபாடு செய்ய வேண்டும், கல்லறைத் தோட்டங்களில் கூடக்கூடாது என்று முதல் ஆணை வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆணை இன்னும் கடுமை. அதன் விவரம் நமக்கு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதிய கடிதத்தில் கிடைக்கிறது. ஆயர்கள், குருக்கள், திருத்தொண்டர்கள் ஆகியோரை உடனே கொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களான செனட்டர்களும் உயர்குடியினரும் பதவியையும் சொத்தையும் இழப்பார்கள். அப்போதும் திருந்தாவிட்டால் உயிரையும். சீமாட்டிகளுக்குச் சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல். அரண்மனைப் பணியாளர்களின் உடைமையும் பறிமுதல். ஆணை முழுக்கச் சொத்து வாடை அடிப்பதைக் கவனியுங்கள்.

அதே கடிதத்தில்தான் ஆகஸ்ட் 6 அன்று ரோம் ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸ் கல்லறைத் தோட்டத்தில் கொல்லப்பட்டார், அவரோடு நான்கு திருத்தொண்டர்களும் என்ற செய்தி இருக்கிறது. சம்பவம் நடந்த சில வாரங்களுக்குள் எழுதியது. இதைவிட நெருக்கமான சான்று அந்தக் காலத்துக்குக் கிடைப்பது அபூர்வம். சிப்ரியானும் செப்டம்பர் 14 அன்று வாளுக்கு இரையானார்.

சிக்ஸ்துஸ் போன நான்காம் நாள், ஆகஸ்ட் 10, லாரன்ஸ்.

கதை எப்படிச் சொல்லப்பட்டது

நமக்குத் தெரிந்த கதை நூறு ஆண்டுக்கும் மேல் கழிந்து எழுத்தில் வருகிறது. மிலான் ஆயர் அம்புரோசியாரும், ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் புருதென்சியுசும் அதை விரிவாகச் சொன்னவர்கள்.

சிக்ஸ்துசைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும்போது லாரன்ஸ் எதிரே வந்து, மகனை விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள் அப்பா, திருத்தொண்டர் இல்லாமல் நீங்கள் பலி செலுத்தியதே இல்லையே என்று அழுகிறார். உனக்கு இதைவிடப் பெரிய போராட்டம் காத்திருக்கிறது, மூன்று நாளில் நீயும் வருவாய் என்கிறார் ஆயர். அப்புறம் நகர ஆளுநர் லாரன்சைக் கூப்பிட்டுத் திருச்சபையின் பொக்கிஷத்தை ஒப்படைக்கச் சொல்கிறார். லாரன்ஸ் மறுக்கவில்லை. அவகாசம் மட்டும் கேட்கிறார், மூன்று நாள் கிடைக்கிறது.

அந்த மூன்று நாளில் அவர் செய்ததாகப் புருதென்சியுஸ் பாடுவதுதான் இந்தக் கதையின் உயிர் என்று எனக்குப் படுகிறது. லாரன்ஸ் நகரமெங்கும் சுற்றி, பிச்சை எடுப்பவர்களைத் திரட்டுகிறார். கண் இரண்டும் இழந்து கோலால் வழி தடவி வருபவர், முழங்கால் முறிந்தவர், ஒரு கால் மட்டும் உள்ளவர், உடலெல்லாம் புண்ணோடு இருப்பவர். ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். அப்புறம் ஆலயத்தின் முன்னால் நீண்ட வரிசையில் நிறுத்துகிறார். ஆளுநர் வந்து பார்க்கிறார். இவர்கள்தான் திருச்சபையின் செல்வம் என்கிறார் லாரன்ஸ். கன்னியரையும் கைம்பெண்களையும் காட்டி, இவர்கள் அதன் நகைகள் என்கிறார்.

பெயர் கேட்டு எழுதிக்கொள்வது என்பது கவிஞர் வாழ்ந்த காலத்திலும் திருச்சபை வைத்திருந்த வறியவர் பட்டியலின் சாயல். உண்மையில் ஒரு திருத்தொண்டரின் மேசையில் தினமும் கிடந்த ஏடு அதுதான்.

ஆளுநர் கொதித்துப்போகிறார். இரும்புக் கம்பிகளால் ஆன சட்டத்தில் லாரன்சைக் கிடத்தி, அடியில் மெல்லிய நெருப்பு வைக்கிறார்கள். ஒரு பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போட்டுச் சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னதாகக் கதை. உலகம் முழுக்கப் பரவியது இந்த ஒரு வாக்கியம்தான். சமையற்காரர்களுக்கு அவர் பாதுகாவலர் ஆனதும் இதனால்தான்.

எதை வரலாறு என்று கொள்வது?

இங்கே சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லாரன்ஸ் என்ற திருத்தொண்டர் இருந்தார், வலேரியன் காலத்தில் கொல்லப்பட்டார், திபுர்த்தினா சாலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குப் பெரிய ஐயம் இல்லை. 354-ஆம் ஆண்டு நாட்குறிப்பு என்று அறியப்படும் தொகுப்பில் ரோம் மறைசாட்சிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஆகஸ்ட் 10-க்கு நேராக லாரன்ஸ் பெயரும் கல்லறை இருந்த சாலையின் பெயரும் இருக்கின்றன.

நெருப்புச் சட்டம்தான் சந்தேகம். ஆணை உடனே கொல்லச் சொல்கிறது. அந்த ஆணையின்கீழ் சிப்ரியான் வாளால்தான் கொல்லப்பட்டார். லாரன்சுக்கு மட்டும் மூன்று நாள் அவகாசமும் நீண்ட சித்திரவதையும் ஏன் என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்னொரு பக்கம், 366 முதல் 384 வரை ரோம் ஆயராக இருந்த தமாசுஸ் எழுதிய கல்வெட்டுக் கவிதையிலேயே லாரன்ஸ் வென்ற கொடுமைகளில் தீப்பிழம்பும் வருகிறது. ஆக, தீயின் நினைவு ரோமிலேயே பழையது. என் கணிப்பு, வாளால் இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வறியவர்களை வரிசையில் நிறுத்திய காட்சியை அதே தட்டில் வைத்து ஒதுக்கிவிட மாட்டேன். கொர்னேலியுஸ் கடிதத்தின் 1,500 பேர் கற்பனை அல்ல. அவர்களைப் பார்த்துக்கொண்ட திருத்தொண்டரைப் பற்றி ரோம் மக்கள் எதை நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அந்தக் காட்சி சாட்சி சொல்கிறது.

அம்புரோசியாரின் பொற்கிண்ணங்கள்

லாரன்சின் புகழ் நிலைத்ததற்கான காரணத்தை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நான் இதைக் காட்டுவேன்.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படையெடுப்பில் ஏராளமான ரோமக் குடிமக்கள் கைதிகளாகப் பிடிபட்டார்கள். அவர்களை மீட்கப் பணம் வேண்டும். அம்புரோசியார் மிலான் ஆலயத்தின் பொற்பாத்திரங்களை உடைத்து உருக்கிக் கொடுத்தார். எதிர்த்தரப்பினரான ஆரியக் கொள்கையினர் (கிறிஸ்து தந்தைக்கு நிகரான கடவுள் அல்ல என்ற ஆரியுசின் வழி வந்தவர்கள்) சும்மா விடவில்லை. திருப்பாத்திரத்தை உடைத்தார் என்று பழி சுமத்தினார்கள். அதற்குப் பதில் எழுதும் இடத்தில்தான் அம்புரோசியார் லாரன்சின் பொக்கிஷக் கதையைக் கொண்டுவருகிறார். திருச்சபையிடம் தங்கம் இருப்பது சேர்த்து வைப்பதற்காக அல்ல, தேவைப்படும்போது கொடுப்பதற்காக என்கிறார். பாத்திரங்களைக் காப்பாற்றுவதைவிட உயிருள்ள மனிதர்களைக் காப்பாற்றுவது மேல் என்பது அவர் வாதம்.

அப்படியானால், நம் கைக்குக் கிடைக்கும் பழைய எழுத்துகளிலேயே இந்தக் கதை ஒரு வழக்கில் சான்றாக நிற்கிறது. ஆலயத்தின் சொத்து யாருக்கு? பலிபீடத்துக்கா, பசித்தவருக்கா? இந்தக் கேள்வி திருச்சபையில் ஓயாத கேள்வி. யாராவது இதைக் கேட்கும் ஒவ்வொரு காலத்திலும் லாரன்ஸ் தேவைப்படுகிறார். வெறும் வீரமரணக் கதையாக இருந்திருந்தால் ஆயிரம் மறைசாட்சிகளில் ஒருவராகப் போயிருப்பார்.

கல்லறை, நாள், வழிபாடு

கதை மட்டும் இருந்தால் போதாது, அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும். லாரன்சுக்கு இரண்டும் சீக்கிரமே அமைந்தன. நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் அவர் கல்லறைப் பக்கத்தில் ஆலயம் எழுப்பினார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸ் கல்லறைக்கு மேலேயே புதிதாகக் கட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அதை விரித்தார். மதிலுக்கு வெளியே உள்ள சான் லொரென்சோ என்று இன்றும் அது ரோமில் இருக்கிறது. ஸ்தேவானின் எலும்புகளும் அங்கே கொண்டுவரப்பட்டு லாரன்சோடு வைக்கப்பட்டன என்பது மரபு. 1943 ஜூலை 19 அன்று, பக்கத்திலிருந்த ரயில் முனையத்தைக் குறிவைத்து நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசியபோது ஆலயத்தின் முகப்பும் கூரையும் சிதைந்தன. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அன்றே அந்தப் பகுதிக்கு வந்து மக்களோடு நின்றார். போருக்குப் பிறகு கிடைத்த கற்களைக் கொண்டே மீண்டும் கட்டினார்கள்.

ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ ஆகஸ்ட் 10 மறையுரையில், எருசலேமுக்கு ஸ்தேவான் எப்படியோ ரோமுக்கு லாரன்ஸ் அப்படி என்று சொன்னார். அகுஸ்தினாரும் ஆப்பிரிக்காவில் அவர் நாளில் பல முறை மறையுரை ஆற்றியிருக்கிறார். ரோமத் திருப்பலியின் பழைய நற்கருணை மன்றாட்டில் சிக்ஸ்துஸ், கொர்னேலியுஸ், சிப்ரியான் ஆகிய ஆயர்களின் பெயருக்கு அடுத்து லாரன்ஸ் பெயர் வரும். தமிழில் முதல் நற்கருணை மன்றாட்டைக் குருவானவர் முழுமையாகச் சொல்லும் நாளில் காது கொடுத்துக் கேட்டால் நீங்களும் கேட்கலாம்.

படங்களில் அவரை அடையாளம் காண்பது எளிது. தாடி இல்லாத இளைஞர், திருத்தொண்டருக்குரிய தல்மாத்திக்கா என்ற அகலக் கை உடை, பக்கத்தில் இரும்புச் சட்டம். வத்திக்கானில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாசுக்காக ஃபிரா ஆஞ்செலிக்கோ 1440-களின் இறுதியில் வரைந்த சிறு சிற்றாலயம் ஒன்று உண்டு. சுவர்களில் ஸ்தேவான் கதையும் லாரன்ஸ் கதையும். அதில் ஓர் ஓவியத்தில் லாரன்ஸ் ஆலய வாசலில் நிற்கிறார். ரோஜா நிற உடையில் பொன்னில் இழைத்த தீச்சுடர்கள். கையில் பணப்பை. நடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காசு கொடுக்கிறார். ஓரத்தில் கண் தெரியாத ஒருவர் கோலை ஊன்றி வந்துகொண்டிருக்கிறார். தீச்சுடர் உடையில் மட்டும்தான், கொடுக்கும் கைதான் படத்தின் நடுவில்.

ஆகஸ்ட் 10 என்ற தேதி செய்த வேலை

சில பெயர்கள் பக்தியால் வந்தவை என்பதைவிட நாட்காட்டியால் வந்தவை. அந்தக் காலத்தில் எந்தத் திருநாளில் ஓர் இடத்தைக் கண்டார்களோ அந்தப் புனிதர் பெயரை வைத்துவிடுவார்கள். 1500-ல் போர்ச்சுக்கீசியர் டியோகோ டியாஸ் ஆகஸ்ட் 10 அன்று மடகாஸ்கரைக் கண்டு சாவ் லோரென்சு என்று பெயரிட்டார். 1535-ல் அதே தேதியில் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே வட அமெரிக்காவில் ஒரு சிறு விரிகுடாவுக்கு லாரன்ஸ் பெயரை வைக்க, அது பிறகு பெரிய வளைகுடாவுக்கும் ஆற்றுக்கும் பரவியது.

போர்களும் அப்படியே. 955 ஆகஸ்ட் 10 அன்று லெக்ஃபெல்டில் ஜெர்மானிய அரசர் ஓட்டோ ஹங்கேரிய மஜார்களை வென்றார். வெற்றி கிடைத்தால் மெர்செபர்கில் லாரன்ஸ் பெயரில் ஆயர்பீடம் அமைப்பதாக நேர்ந்திருந்தார், பிறகு அமைத்தார். 1557 ஆகஸ்ட் 10 அன்று சான் கெந்தான் போரில் ஸ்பெயின் படை பிரெஞ்சுக்காரரை வென்றது. அதன் நினைவாக இரண்டாம் பிலிப் கட்டியதுதான் எஸ்கோரியல், 1563-ல் தொடங்கி 1584-ல் முடிந்தது. அதன் கட்டட அமைப்பு லாரன்சின் இரும்புச் சட்டத்தைப் போலிருக்கிறது என்று சொல்வது வழக்கம். வறியவர்களின் கணக்கு எழுதியவருக்கு ஓர் அரசர் அரண்மனை கட்டியது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

எரிநட்சத்திரங்களுக்குக் காரணம் அறிவியல்பூர்வமானது. சுவிஃப்ட்-டட்டில் என்ற வால்மீன் விட்டுச் சென்ற தூசி வழியாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் பூமி கடக்கிறது. இந்தத் தொடர்பை 1860-களில் நிறுவியவர் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி. உச்சம் இப்போது ஆகஸ்ட் 12, 13-ஐ ஒட்டி வருகிறது. ஆனாலும் இத்தாலியர்கள் 10-ஆம் தேதி இரவே வெளியே வந்துவிடுகிறார்கள். அவற்றை லாரன்சின் கண்ணீர் என்கிறார்கள்.

இன்றைய திருத்தொண்டர்கள்

மேற்குத் திருச்சபையில் இடைக்காலத்திலேயே இந்தப் பணி தன் தனித்தன்மையை இழந்து, குருத்துவத்துக்கு முந்தைய படியாகச் சுருங்கிவிட்டது. லாரன்ஸ் புகழோடு இருந்தார், அவர் பார்த்த வேலை மறைந்துபோனது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வாழ்நாள் முழுவதும் திருத்தொண்டராகவே பணியாற்றும் முறையைத் திரும்பக் கொண்டுவர வழி திறந்தது. திருமணமானவர்களும் இதில் சேரலாம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ல் அதற்கான விதிகளை வகுத்தார். இன்று உலகம் முழுவதும் இப்படி ஏறத்தாழ 50,000 பேர் இருக்கிறார்கள். அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே, குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே, சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பணி செய்கிறவர்கள் பலர்.

லாரன்சின் திருநாள் திருப்பலியில் முதல் வாசகம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரம். எருசலேம் ஏழைகளுக்கான நிதி திரட்டலைப் பற்றிய பகுதி அது. மனவருத்தத்தோடோ கட்டாயத்துக்காகவோ கொடுக்க வேண்டாம், மகிழ்ச்சியோடு கொடுங்கள் என்கிறார் பவுல். பதிலுரைப் பாடல் ஏழைகளுக்கு வாரி வழங்கியவரைப் பற்றிய 112-ஆம் திருப்பாடல். நற்செய்தி மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றியது. தீயைப் பற்றிய பகுதிகள் விவிலியத்தில் எத்தனையோ உண்டு. இந்த நாளுக்கு அவற்றில் ஒன்றைக் கூட எடுக்கவில்லை.